வருமாம், வருமாம் என்கிற போனுக்காகக் காத்திருக்கலாமா?

கேள்வி: நான் வாங்க நினைக்கும் போன் போன மாதம் வெளியானது. ஆனால் ஒரே ஒரு நெட்வொர்க் மட்டும்தான் அதை விற்கிறது. நான் இருப்பது வேறொன்றில். மூன்று மாதத்தில் மற்ற நெட்வொர்க்குகளுக்கும் வந்துவிடும் என்று எங்கு பார்த்தாலும் செய்தி. ஒருவர் தேதியே குறித்துவிட்டார். என் பழைய போனின் பேட்டரி மதியத்தைத் தாண்டுவதில்லை. அதன் தவணை முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. காத்திருக்கவா, நெட்வொர்க் மாறிவிடவா? "எந்த நெட்வொர்க்குக்கும் பூட்டப்படாத அன்லாக் போனை வாங்கி உன் சிம்மைப் போட்டுக்கொள், வேலை முடிந்தது" என்கிறான் நண்பன். அவன் சொல்வது சரியா?

பதில்: அந்தச் செய்தி பலிக்க வாய்ப்பு அதிகம். ஒரே நெட்வொர்க்கோடு ஒப்பந்தம் போட்டு வெளியாகும் போன் நன்றாக விற்றால், பெரும்பாலும் மற்ற நெட்வொர்க்குகளுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். தயாரிப்பாளருக்கு நிறைய விற்க வேண்டும். மற்ற நெட்வொர்க்குகளுக்கோ தங்கள் வாடிக்கையாளர் கைவிட்டுப் போகக் கூடாது. ஆகவே "வருமா" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். எப்போது வரும், எந்த உருவில் வரும் என்பதில்தான் காத்திருந்தவர்கள் கோட்டை விடுகிறார்கள். போன்களை நெட்வொர்க்கில் விற்க அனுமதிக்கும் முன் சோதித்துப் பார்ப்பது என் தொழில். அங்கிருந்து பார்த்தால், வந்து சேரும் போன் பல நேரம் நீங்கள் விளம்பரத்தில் பார்த்த அதே போனாக இருப்பதில்லை.

இந்த வகை வதந்திகளுக்கெல்லாம் தாத்தா ஒன்று உண்டு. முதல் ஐபோன் 2007 ஜூன் 29 அன்று அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நெட்வொர்க்கில் மட்டும் விற்பனைக்கு வந்தது. அப்புறம் ஆண்டுக்கணக்கில், அங்குள்ள இன்னொரு நெட்வொர்க்கைச் சொல்லி, "அடுத்தது வெரைசன்தான்" என்று பேச்சு. ஒவ்வொரு முறையும் தேதி குறிப்பார்கள், தேதி கடந்து போகும், அடுத்த தேதி வரும். கடைசியில் 2011 ஜனவரி 11 அன்று அறிவிப்பு வந்தது, பிப்ரவரி 10 அன்று விற்பனை தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்பிரின்ட்டுக்கும், 2013 ஏப்ரலில் டி-மொபைலுக்கும் போனது. வதந்தி பொய்யில்லை என்பது உண்மைதான். ஆனால் மூன்றரை ஆண்டு ஆனது.

வந்தது எது என்று பாருங்கள். வெரைசனுக்கு வந்தது ஐபோன் 4. ஏடி அண்ட் டி-யில் அது 2010 ஜூனிலேயே கிடைத்துவிட்டது. வெரைசனின் அன்றைய தொழில்நுட்பம் சிடிஎம்ஏ, ஏடி அண்ட் டி-யினுடையது ஜிஎஸ்எம், இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துவராது என்பதால் அதற்கென்று தனியாகச் செய்த வடிவம் இது. சிம் போடும் இடமே கிடையாது. ஓரத்து உலோகப் பட்டையில் இருக்கும் ஆன்டெனாக் கோடுகள் இடம் மாறியிருந்தன. சத்தத்தை அணைக்கும் சுவிட்சும் கொஞ்சம் நகர்ந்திருந்ததால், முதல் வடிவத்துக்கு வாங்கிய கவர்கள் சில இதற்குப் பொருந்தவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது மொபைல் டேட்டா வேலை செய்யாது. பிரித்துப் பார்த்தவர்களுக்கு உள்ளே ஒரு வேடிக்கை காத்திருந்தது: ஜிஎஸ்எம், சிடிஎம்ஏ இரண்டுக்கும் ஒத்துவரும் குவால்காம் சிப் அதில் இருந்தது, ஆனால் ஜிஎஸ்எம் பக்கம் பயன்படுத்தப்படவில்லை. அதை ஆசையாக வாங்கியவர் எட்டு மாதம் வைத்திருப்பதற்குள் ஐபோன் 4எஸ் வந்துவிட்டது. அதில் இரண்டு தொழில்நுட்பமும் ஒரே போனில்.

சில சமயம் காத்திருந்தவருக்கு லாபமும் உண்டு. பாம் பிரீ என்ற போனை 2009 ஜூன் 6 முதல் ஸ்பிரின்ட் மட்டும் விற்றது. 2010 ஜனவரியில் வெரைசனுக்கு வந்தபோது அதன் பெயர் பிரீ பிளஸ். நினைவகம், சேமிப்பிடம் இரண்டும் இரட்டிப்பு. முதலில் ஓடிப்போய் வாங்கியவர்கள் வயிறெரிந்திருப்பார்கள். ஆனால் அதற்குள் வெரைசன் நவம்பரிலேயே மோட்டோரோலா டிராய்டைக் கொண்டுவந்து தன் விளம்பரத்தையெல்லாம் அதன் மேல் கொட்டிவிட்டது. பிரீயின் மவுசு போய்விட்டது. அந்த ஏப்ரலிலேயே பாம் கம்பெனியை எச்பி வாங்குவதாக அறிவிப்பு வந்தது. 2011 ஆகஸ்டில் அந்தப் போன் வரிசையையே எச்பி நிறுத்தியது.

வராமலே போனதும் உண்டு. 2010 ஜனவரியில் நெக்சஸ் ஒன் போனை வெளியிட்டபோது, வசந்த காலத்தில் வெரைசனுக்கும் வரும் என்று சொன்னது கூகுளே. யாரோ கிளப்பிவிட்ட பேச்சு இல்லை, கம்பெனியின் வாக்கு. ஏப்ரல் கடைசியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. வெரைசன் வாடிக்கையாளர்களிடம், எச்டிசியின் டிராய்டு இன்க்ரெடிபிள் போனைப் பாருங்கள் என்று கூகுள் கையைக் காட்டிவிட்டது. 2014இல் அமேசான் ஃபயர் போன் ஏடி அண்ட் டி-யில் மட்டும் வந்தது. ஜூலையில் ஒப்பந்தத்தோடு 199 டாலருக்கு விற்ற போன், செப்டம்பரில் 99 சென்ட்டுக்கு இறங்கியது. விற்காத போனை வேறு எந்த நெட்வொர்க்கும் சீந்தாது. நீங்கள் ஆசைப்படும் போனின் விலை வெளியான சில வாரத்திலேயே சரிகிறது என்றால், "மற்ற நெட்வொர்க்குக்கும் வரும்" என்ற செய்தியை அப்போது சந்தேகப்படுங்கள்.

எப்போது வரும் என்பதை வெளியில் இருப்பவர் சொல்லவே முடியாததற்குக் காரணம் எளிது. அது இரண்டு கம்பெனிகளுக்கு இடையிலான ஒப்பந்தத்தின் காலம். அது மூன்று மாதமா மூன்று வருடமா என்பது கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் தெரியும். பிரான்சில் ஐபோனுக்காக ஆரஞ்சு என்ற நெட்வொர்க் போட்டிருந்த ஒப்பந்தம் ஐந்து வருடம் வரை போகக்கூடியது. 2008 டிசம்பரில் அந்நாட்டுப் போட்டி ஆணையம் அதை நிறுத்திவைத்தது. அப்படி ஒரு தீர்ப்பு வரும் என்று எந்த வதந்திக்காரர் தேதி குறித்திருக்க முடியும்? சீனாவில் சைனா மொபைலுக்கு ஐபோன் வந்தது 2014 ஜனவரி 17. ஜப்பானில் சாஃப்ட்பேங்க் 2008லிருந்து விற்ற போனை டோகோமோ விற்கத் தொடங்கியது 2013 செப்டம்பரில்தான். இரண்டு இடத்திலும் "இதோ வந்துவிட்டது" என்று பல ஆண்டுகள் எழுதித் தள்ளினார்கள்.

அன்றைக்குத் தொழில்நுட்பமே ஒரு தடையாக இருந்தது. இன்றைக்கு 4ஜி, 5ஜி எல்லாருக்கும் பொதுவாகிவிட்டதால் அந்தத் தடை போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. உங்கள் நண்பர் வழுக்கி விழும் இடமும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு நெட்வொர்க்கும் வெவ்வேறு அலைவரிசைகளை, நாங்கள் பேண்ட் என்று சொல்வதை, ஏலத்தில் எடுத்து வைத்திருக்கிறது. 600, 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த பேண்டுகள் தூரம் போகும், சுவரைத் துளைத்து வீட்டுக்குள் வரும். உயர்ந்த பேண்டுகளில் வேகம் அதிகம், எட்டும் தூரம் குறைவு. மில்லிமீட்டர் அலை என்கிற மிக உயர்ந்த பேண்டை உள்ளங்கையை வைத்தே தடுத்துவிடலாம். ஒரு போனுக்குள் இருக்கும் சிப் எல்லாவற்றையும் அறிந்திருக்கலாம். ஆனால் ஒவ்வொரு பேண்டுக்கும் வடிகட்டி வேண்டும், பெருக்கி வேண்டும், ஆன்டெனாவில் இடம் வேண்டும். செலவையும் இடத்தையும் மிச்சப்படுத்தத் தயாரிப்பாளர் சிலதை விட்டுவிடுவார். ஒரே நெட்வொர்க்குக்கென்று செய்த போனில் அந்த நெட்வொர்க்கின் பேண்டுகள் கச்சிதமாக இருக்கும். மற்றவர்களுடைய தாழ்ந்த பேண்ட் இருக்கிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தாழ்ந்த பேண்ட் இல்லாத போன் எப்படி நடந்துகொள்ளும் தெரியுமா? தெருவில் நிற்கும்போது பிரமாதமாக இருக்கும். வேகச் சோதனை செய்து பார்த்துப் பூரித்துப் போவீர்கள். வீட்டின் உள்ளறைக்குப் போனதும் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும், அப்புறம் அதுவும் போகும். போன் விடாமல் நெட்வொர்க்கைத் தேடித் தேடி பேட்டரியைத் தின்னும். நீங்கள் நெட்வொர்க்கைத் திட்டுவீர்கள். பக்கத்தில் இருப்பவர் அதே சிம்மோடு வேறு போனில் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருப்பார்.

இதனால்தான் இன்னொரு நெட்வொர்க்குக்குப் போகும்போது போன் பெரும்பாலும் வேறு மாடல் நம்பரோடு போகிறது. 2020இல் ஒன்பிளஸ் 8 அமெரிக்காவில் 699 டாலர். வெரைசனுக்கென்று மில்லிமீட்டர் அலையும் தண்ணீர் புகாத சான்றும் சேர்த்துச் செய்தது 799 டாலர். பெயர் ஏறக்குறைய ஒன்றுதான், உள்ளே ஒன்றில்லை. அதே ஆண்டு கூகுள் பிக்சல் 4ஏ 5ஜி போனிலும் இதே கதை, 499 டாலருக்குப் பதில் 599. அந்த வேக அலை உங்கள் தெருவில் இல்லை என்றால் கூடுதல் 100 டாலர் எதற்கு? அது இல்லாத வடிவத்தை அன்றைக்கு அந்த நெட்வொர்க் தன் கடையில் அடுக்கவும் இல்லை. "அதே போன் என் நெட்வொர்க்குக்கும் வருகிறது" என்று மகிழும் முன், என்ன விலையில், எதைக் கூட்டி எதைக் குறைத்து என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

சரி, பேண்ட் எல்லாம் பொருந்திவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நெட்வொர்க்கின் சம்மதம் ஒன்று பாக்கி. எங்கள் கூடத்தில் போனை ரேடியோ அலை நுழையாத உலோகப் பெட்டிக்குள் வைத்து, செயற்கையாக ஒரு டவரை உண்டாக்கி, தொந்தரவு கொடுப்போம். பேசிக்கொண்டிருக்கும்போது 5ஜியைப் பிடுங்கி 4ஜிக்குத் தள்ளுவோம். அழைப்பு நடுவில் எஸ்எம்எஸ் அனுப்புவோம். சிக்னலை மெல்ல மெல்லக் குறைத்து வைஃபை அழைப்புக்கு ஒழுங்காகத் தாவுகிறதா என்று பார்ப்போம். சிம்மே இல்லாமல் அவசர உதவி எண்ணைக் கூப்பிட்டுப் பார்ப்போம். இதில் தோற்கிற போனின் மென்பொருளைத் திருத்த அனுப்பினால், திரும்பி வந்ததும் ஆரம்பத்திலிருந்து இன்னொரு சுற்று. வெளியில் "ஏன் இன்னும் வரவில்லை, ஏதோ சதி" என்று பேசிக்கொள்ளும் வாரங்களில் பல, உள்ளே இப்படித்தான் கழிகின்றன. தாமதத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வேண்டுமென்றே இழுத்தடிப்பதும் நடக்கத்தான் செய்கிறது.

பேண்ட் பொருந்தியும் சம்மதம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2022 பிப்ரவரியில் ஏடி அண்ட் டி தன் 3ஜியை நிறுத்தியது நல்ல உதாரணம். அதற்குப் பிறகு குரல் அழைப்பு 4ஜி வழியாகத்தான், அதாவது வோல்ட்டி. எந்தெந்தப் போனுக்கு அது திறக்கப்படும் என்று ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். வோல்ட்டி வசதி இருந்தும் பட்டியலில் இல்லாத போன்கள் பல பேச முடியாமல் நின்றன. பழைய 3ஜி இருந்தவரை வேறு வழியில்லை என்றால் அதில் அழைப்பு போகும். அது மூடப்பட்ட இடங்களில் அந்தப் பின்வாசலும் கிடையாது.

ஆகவே உங்கள் நண்பருக்குப் பதில்: லாக் திறந்திருப்பது வேறு, உங்கள் நெட்வொர்க்கில் முழுதாக வேலை செய்வது வேறு. சிம் போட்டதும் இணையம் வரும். அதை நம்பிப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். குரல் அழைப்பு, வைஃபை அழைப்பு, 5ஜி மூன்றும் வருமா என்று பார்க்க வேண்டும். போனின் சரியான மாடல் நம்பரை எடுத்து, தயாரிப்பாளர் தளத்தில் அதன் பேண்ட் பட்டியலை உங்கள் நெட்வொர்க்கின் பட்டியலோடு ஒப்பிடுங்கள். போன் கையில் கிடைத்தால் *#06# அழுத்தி, ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணை எடுத்து, உங்கள் நெட்வொர்க்கின் 'உங்கள் சொந்தப் போனைக் கொண்டு வாருங்கள்' பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அது சரி என்று சொன்னால் நண்பர் சொன்னது சரி. அதுவே எல்லாவற்றிலும் நல்ல வழியும்கூட, ஏனென்றால் எந்த ஒப்பந்தத்துக்கும் நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. ஒரே நெட்வொர்க்குக்கென்று வெளியான போன் அன்லாக் வடிவிலும் விற்கப்படுகிறதா என்பதுதான் கேள்வி. அந்த நெட்வொர்க்கின் கடையிலேயே வாங்கியது என்றால் தவணை முழுதும் கட்டி முடிக்கும் வரையோ, குறிப்பிட்ட காலம் வரையோ லாக் திறக்க மாட்டார்கள்.

நெட்வொர்க் மாறுவதைப் பற்றி. போனுக்காக மட்டும் மாறாதீர்கள். போனை இரண்டு மூன்று வருடம் வைத்திருப்பீர்கள், அவ்வளவு நாளும் அந்த நெட்வொர்க்கின் சிக்னலோடுதான் குடித்தனம். சில நெட்வொர்க்குகள், அட்டை இல்லாமலே போனில் ஏற்றிக்கொள்ளும் இ-சிம் மூலம் கொஞ்ச நாள் இலவசமாகப் பார்க்க விடுகின்றன. உங்கள் இப்போதைய போன் அதை ஏற்கும் என்றால் அதைச் செய்யுங்கள். வீட்டின் மோசமான மூலையிலும் வேலை செய்யும் இடத்திலும் பேசிப் பாருங்கள். இன்னொன்று, "போன் இலவசம்" என்ற விளம்பரத்தின் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் முழு விலையையும் தவணையாக உங்கள் கணக்கில் ஏற்றிவிட்டு, மாதாமாதம் பில்லில் அதைக் கழித்துக்கொண்டு வருவார்கள். நடுவில் விலகினால் கழிவு நின்றுவிடும், மிச்சத் தவணை மொத்தமாக உங்கள் தலையில். பழைய தவணை ஐந்து மாதம் பாக்கி என்று எழுதியிருக்கிறீர்கள். அது இதே வகையா என்று முதலில் பில்லை எடுத்துப் பாருங்கள். அப்படியென்றால் இப்போது மாறுவதற்கான உண்மையான செலவு புதுப் போனின் விலையோடு முடியாது.

இனி, வரும் செய்திகளை எப்படி எடைபோடுவது? கடைக் கணினித் திரையின் படம் என்று உலவுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வராத போனுக்கும் வெறும் பெயரைப் பதிந்து வைப்பது வழக்கம்தான். ஆய்வாளர்களின் ஊகம் இன்னும் ஒரு படி கீழே. எனக்குப் பொருட்படுத்தத் தக்கது அரசுச் சான்று. அமெரிக்காவில் எந்தப் போனும் விற்பனைக்கு வரும் முன் எஃப்சிசி என்ற அரசுத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் சான்று பெற வேண்டும், அந்தப் பதிவை யாரும் பார்க்கலாம். போனின் படங்களையும் கையேட்டையும் சில மாதங்கள் மறைத்து வைக்க அனுமதி உண்டு, எந்த அலைவரிசையில் சோதித்தார்கள் என்பதோ தெரிந்துவிடும். நீங்கள் கேட்கும் போனின் பெயரோடு ஒட்டிய புது மாடல் நம்பர் பதிவாகி, அதில் உங்கள் நெட்வொர்க்கின் தாழ்ந்த பேண்ட் இருந்தால், விஷயம் பேச்சைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். ஆனால் சான்று விற்பனைத் தேதியைச் சொல்லாது. சான்று வாங்கி விற்காமல் விட்ட போன்களும் உண்டு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவசரம் போனில் இல்லை, பேட்டரியில் இருக்கிறது. அதை மாற்றிவிடுங்கள். புதுப் போனின் விலையில் அது ஒரு சிறு பங்குதான். மதியத்தோடு போன் சாகும் எரிச்சலில் இருக்கும்போது எடுக்கும் முடிவை எந்த விற்பனையாளரும் விரும்புவார்.

அப்புறம் தவணை முடியும் நாளையே கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து மாதத்துக்குள் உங்கள் நெட்வொர்க்குக்கு வந்துவிட்டால், மாடல் நம்பரையும் விலையையும் முதல் வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள். வரவில்லை, ஆனால் அன்லாக் வடிவம் வந்து ஐஎம்இஐ சோதனையில் தேறிவிட்டது என்றால் அதை வாங்குங்கள். இரண்டும் இல்லை என்றால் அந்தப் போனை மறந்துவிட்டு, அன்றைக்குக் கடையில் இருப்பதில் நல்லதைப் பாருங்கள். அப்போதே அதற்கு ஆறு மாத வயதாகியிருக்கும்; இன்னும் காத்திருந்து, ஒரு வருடப் பழைய போனைப் புதுப் போன் விலைக்கு வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நெட்வொர்க் மாறுவதை, மேலே சொன்ன சிக்னல் சோதனையில் அந்த நெட்வொர்க் உங்கள் வீட்டில் இப்போதையதைவிட நன்றாக இருந்தால் மட்டும் யோசியுங்கள். அப்போதுகூட மிச்சத் தவணைக் கணக்கைப் பார்த்த பிறகுதான்.

இதற்கிடையில் யாராவது "உங்கள் நெட்வொர்க்குக்கு வருவது உறுதி, முன்பணம் கட்டி இடம் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால், இரண்டு விஷயம் கேளுங்கள்: மாடல் நம்பர் என்ன, வராவிட்டால் பணம் எத்தனை நாளில் திரும்பும். மாடல் நம்பரைச் சொல்லத் தெரியாதவரிடம் பணம் கட்டாதீர்கள்.